வங்கிப் பாலத்து இறக்கைச் சிங்கங்கள்



ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போய்வந்த என் தங்கை மகன் ஒரு படம் அனுப்பி, "மாமா, இந்தச் சிங்கத்துக்கு ஏன் இறக்கை?" என்று கேட்டான். நாலு வரியில் பதில் சொல்ல வரவில்லை. வாத்தியார் புத்தி!

படத்தில் இருப்பது வங்கிப் பாலம். கிரிபயேதவ் கால்வாயின் மேல், நடந்து போவதற்கு மட்டும் கட்டியது. 1826-இல் திறந்தார்கள். நீளம் சுமார் 25 மீட்டர், அகலம் இரண்டு மீட்டர்கூட இல்லை. எதிரே ஒருவர் குடையோடு வந்தால் ஒதுங்கித்தான் போக வேண்டும். பொறியாளர் வில்ஹெல்ம் வான் டிரெய்ட்டர். சிற்பி பாவெல் சோகலோவ்.

பாலத்தின் ஒரு கரையில் அன்று அரசாங்கத்தின் காகிதப் பண வங்கி இருந்தது. கிரிஃபின் என்னும் இறக்கை முளைத்த விலங்கு பொன்னைக் காவல் காக்கும் என்பது கிரேக்கர் காலத்துக் கதை. வங்கி வாசலுக்குப் பொருத்தம்தானே? இறக்கைக்குத் தங்கப் பூச்சு வேறு. எனக்குச் சிரிப்பு வருவது இங்கேதான். அந்த நாளில் ஒரு வெள்ளி ரூபிளுக்கு மூன்றரைக்கு மேல் காகித ரூபிள் கொடுக்க வேண்டும். உள்ளே மதிப்பிழந்த காகிதம், வெளியே பொன் இறக்கை!

ஆனால் அந்த நான்கு சிங்கங்களையும் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடாதீர்கள். பாலத்தைத் தாங்கும் சங்கிலிகள் அவற்றின் வாயிலிருந்துதான் இறங்குகின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் கடைசியில் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து நிற்பானே, அவன் வேலைதான் இங்கேயும். சிங்கத்தின் உடல் வார்ப்பிரும்பு, உள்ளே வெற்றுக்கூடு. அதற்குள் மறைந்திருக்கும் இரும்புச் சட்டம் சங்கிலியின் இழுப்பை வாங்கிக் கரையில் இறக்குகிறது. உழைப்பது உள்ளே இருப்பது, பெயர் வாங்குவது சிங்கம்.

இதே பொறியாளரின் கைபட்ட இன்னொரு சங்கிலிப் பாலம், எகிப்தியப் பாலம், அதே 1826-இல் ஃபோன்டாங்கா ஆற்றின் மேல் திறக்கப்பட்டது. அதில் வண்டியும் குதிரையும் போகும். 1905-இல் குதிரைப்படை கடக்கும்போது இடிந்து விழுந்தது. ஒரே தாளத்தில் குளம்படி விழுந்ததே காரணம் என்று சொல்வார்கள். எனக்கு முழுதாக ஒப்பவில்லை. குதிரைகள் 'லெஃப்ட் ரைட்' போடுவதில்லை. ஸ்பிங்க்ஸ் சிலைகள் மட்டும் தப்பி, இப்போது புதுப் பாலத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

வங்கிப் பாலத்தைக் காப்பாற்றியதில் அதன் குறுகலுக்கும் பங்குண்டு என்பேன். அதுவும் சேதமில்லாமல் இருக்கவில்லை. பழைய கைப்பிடிக் கிராதி இடையில் காணாமல் போய், 1952 வாக்கில் மறுபடி செய்து வைத்தார்கள். சிங்கங்களையும் சில ஆண்டுகளுக்கு முன் கழற்றிக்கொண்டு போய்ப் பழுது பார்த்து, 2019-இல் திரும்ப நிறுத்தினார்கள்.