கருத்த ராவுத்தர்: ஒரு பெயரின் வரலாறு

உத்தமபாளையத்தில் 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியை நம் பள்ளத்தாக்கில் அறியாதார் இலர். ஆயினும், அக்கல்லூரி தாங்கி நிற்கும் பெயரின் பொருளை நம் பிள்ளைகளுள் அறிந்தோர் சிலரே.

'ஹாஜி' என்பது ஹஜ் கடமையை நிறைவேற்றியவரைக் குறிக்கும் அரபு வழிச் சொல். 'கருத்த' என்பது கருநிறத்தைச் சுட்டும் நல்ல தமிழ். 'ராவுத்தர்' என்பதற்குக் குதிரை வீரர் என்பது பொருள். 'ராஜபுத்ர' எனும் வடசொல்லின் திரிபு என்பர். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர், மயிலேறும் முருகனையே கந்தரலங்காரத்தில் ராவுத்தன் என விளித்துள்ளார். அந்த அளவுக்கு அச்சொல் தமிழ் மண்ணில் பெருமை பெற்றிருந்தது.

நம் முன்னோர் அரபுப் பெயர்களுடன் இத்தகைய தமிழ்ப் பெயர்களையும் தயக்கமின்றிச் சூடினர். இன்றோ பிள்ளைகளுக்கு இடப்படுபவை பெரும்பாலும் அரபுப் பெயர்களே. 'ராவுத்தர்' எனும் பின்னொட்டும் அருகி வருகிறது. நல்ல பொருளுடைய பெயரைச் சூட்டுமாறு மார்க்கம் பணிக்கிறது. ஆதலின் இதனைக் குறை கூறோம். எனினும், பழம்பெயர்கள் மறைந்தால், தமிழும் தீனும் ஒரே பெயரில் இணைந்து வாழ்ந்ததற்கான சான்றும் மறையும்.

ஆகவே ஜமாஅத்தார்கள், தத்தம் பாட்டனார், பூட்டனார் பெயர்களை முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுமையாக எழுதி வைத்து, அவற்றின் பொருளையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருமாறு அன்புடன் வேண்டுகிறோம்.