யாரிடம் கடன் வாங்கலாம் என்று சொல்பவர்: அமெரிக்காவில் 2007, மயிலிட்டியில் இன்று

கொஞ்சம் நீளமான பதிவு இது. உயர்தரம் முடித்த பிள்ளை இருக்கிற வீடுகள் மட்டுமாவது பொறுமையாக வாசியுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை எங்கள் ஆசிரியர் அறைக்கு ஒரு தம்பி வந்தார். தனியார் பட்டப்படிப்பு நிறுவனம் ஒன்றின் ஆள். நல்ல பேச்சு, நல்ல மரியாதை. ரோல்ஸ், நெஸ்டமோல்ட், எல்லோருக்கும் ஆளுக்கொரு டயரி. பெறுபேற்றுப் பட்டியலையும் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களையும் கேட்டார். பிள்ளைகளிடம் பணம் இல்லாவிட்டால் யோசிக்க வேண்டாம், கடன் கொடுக்கிற இடத்தையும் தாங்களே ஒழுங்கு செய்வோம் என்று அதற்கும் ஒரு துண்டுப்பிரசுரம் வைத்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்களுக்கு ஒரு தொகை உண்டு என்றார்.

எங்களில் வயதில் மூத்த சேர் ஒருவர் கேட்டார்: "தம்பி, பிள்ளை படிப்பை அரைவாசியில விட்டா அந்தக் காசை நாங்கள் திருப்பித் தர வேணுமோ?" அவர் சிரித்துக்கொண்டே, "இல்லை சேர், அது உங்கட காசு" என்றார்.

அன்றைக்கு நாங்கள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரோல்ஸைச் சாப்பிட்டோம். டயரியை வாங்கி வைத்தோம். பட்டியல் யார் கையால் போனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்துத் துறைமுகப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தார். கடன் பத்திரத்தில் பிணை நின்று கையெழுத்து வைத்திருந்தார். மாதத் தவணை எவ்வளவு என்பது கையெழுத்துக்குப் பிறகுதான் அவருக்குச் சரியாக விளங்கியிருக்கிறது. எங்களைக் குறை சொல்ல அவர் வரவில்லை. ஒரு வசனம்தான் சொன்னார்: "ரீச்சர், பள்ளிக்கூடம் சொன்னதெண்டுதானே நான் கையெழுத்து வைச்சனான்."

பள்ளிக்கூடம் அப்படிச் சொல்லவேயில்லை. எங்களுடைய மௌனத்தை அவர்கள் சிபாரிசாகப் பாவித்துவிட்டார்கள்.

அந்த வசனம் எங்களைத் தூங்க விடவில்லை. இப்படி வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடி வாசித்தோம். நடந்திருக்கிறது. நாங்கள் பெயரைக் கேட்டாலே வாய் பிளக்கிற பல்கலைக்கழகங்களில், எல்லோருக்கும் தெரியும்படி நடந்திருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவில் 1965இல் உயர்கல்விச் சட்டம் ஒன்று வந்தது. ஏழைப் பிள்ளைக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. அதனால் அரசாங்கம், "நீங்கள் கொடுங்கள், பிள்ளை கட்டாவிட்டால் நாங்கள் பொறுப்பு" என்றது. நல்ல நோக்கம்தான். லட்சக்கணக்கான பிள்ளைகள் இதனால் படித்தார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் வளர்ந்தது. கடன் திரும்பி வராவிட்டாலும் நட்டத்தின் பெரும்பகுதியை அரசு ஈடுசெய்யும் என்றால், கடன் கொடுப்பவருக்கு ஒரே கவலைதான் மிச்சம்: எப்படிக் கூடப் பிள்ளைகளைப் பிடிப்பது? ஒவ்வொரு வீடாகப் போய்ப் பிடிக்க முடியாது. பிள்ளைகள் எல்லோரும் வந்து கேட்கிற ஒரு கதவு இருந்தது. அதுதான் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகம்.

அந்த அலுவலகங்கள் ஒரு பட்டியல் வைத்திருந்தன. "நாங்கள் விரும்பும் கடன் நிறுவனங்கள்" என்று அதற்குப் பெயர். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வட்டிக் கணக்கு தெரியாது. பல்கலைக்கழகம் ஆராய்ந்து பார்த்துத்தான் போட்டிருக்கும் என்று நம்பி, பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இருந்த நிறுவனத்திடமே போனார்கள். பட்டியலில் இடம் பிடித்தால் பிள்ளைகளைப் பிடித்த மாதிரி. அதனால் நிறுவனங்கள் பட்டியலை எழுதுகிறவர்களைப் பிடிக்கத் தொடங்கின.

2007இல் நியூயோர்க் மாநிலத்தின் சட்டமா அதிபராக இருந்த அன்ட்ரூ குவோமோ இதை விசாரித்தார். பின்னாளில் அந்த மாநிலத்தின் ஆளுநராக வந்தவர் இவர். விசாரணையில் வெளிவந்தவற்றில் சிலதைச் சொல்கிறோம்.

கொலம்பியா பல்கலைக்கழகம், ஒஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் நிதியுதவிக்குப் பொறுப்பான அதிகாரிகள், ஸ்டூடன்ட் லோன் எக்ஸ்பிரஸ் என்ற கடன் நிறுவனத்தின் தாய்க் கம்பனியில் பங்கு வைத்திருந்தார்கள். அந்த நிறுவனம் அவர்களுடைய பட்டியலில் இருந்தது. கொலம்பியா அதிகாரி தன் பங்குகளை விற்று ஒரு லட்சம் டொலருக்கு மேல் பெற்றிருந்தார். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் அதிகாரி ஒருவருக்கு அதே நிறுவனம் ஆலோசனைக் கட்டணம் என்றும் படிப்புச் செலவு என்றும் ஏறத்தாழ 65,000 டொலர் கொடுத்திருந்தது. டெக்சஸில் எந்த நிறுவனம் ஊழியர்களுக்கு என்ன விருந்து கொடுத்தது என்றுகூட அலுவலகத்தில் குறித்து வைத்திருந்தார்கள். கல்வித் திணைக்களத்திலேயே, கடன் விடயங்களோடு தொடர்பான பொறுப்பில் இருந்த ஒருவரிடம் அதே கம்பனியின் பங்கு இருந்தது.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. பிள்ளை நிதியுதவி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்கும். மறுமுனையில் பேசுகிறவர் பல்கலைக்கழகத்தின் ஆள் என்று நினைக்கும். உண்மையில் பேசியவர் கடன் நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்தவர். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் தொலைபேசியையே நிறுவனத்திடம் கொடுத்திருந்தன.

இதை வாசித்தபோது அந்தத் தாயின் வசனம்தான் நினைவுக்கு வந்தது. "பள்ளிக்கூடம் சொன்னதெண்டுதானே."

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு பகுதி. எல்லோரும் காசைச் சட்டைப் பைக்குள் போடவில்லை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம், நியூயோர்க் பல்கலைக்கழகம் போன்றவை, தங்கள் பிள்ளைகள் எடுக்கிற கடன் தொகையில் ஒரு பங்கைக் கடன் நிறுவனத்திடமிருந்து பெற்றன. கேட்டபோது அவை சொன்ன பதில்: அந்தக் காசை மாணவர்களின் உதவித்தொகைக்குத்தானே போட்டோம்.

அந்தத் தம்பி போன பிறகு எங்கள் ஆசிரியர் அறையிலும் இதே நியாயம் எழுந்தது. "எங்களுக்கு வேண்டாம். நூலகத்துக்கு வாங்கினால் என்ன? விளையாட்டுப் போட்டிக்கு வாங்கினால் என்ன?" சொன்னவர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் அலுமாரி இல்லை, புத்தகம் இல்லை என்ற வேதனையில் சொன்னார்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். நிறுவனம் அந்தப் பங்கைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுக்காது. பிள்ளை கட்டுகிற வட்டியிலிருந்துதான் வரும். ஒரு ஏழைப் பிள்ளையின் தவணையில் வெட்டி இன்னொரு ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்குவது தர்மம் ஆகாது. அதைவிடப் பெரிய கேடு, காசு வரத் தொடங்கிய பிறகு, "இந்தக் கடன் வேண்டாம் பிள்ளை" என்று சொல்ல எங்களுக்கு நா எழாது.

2007 ஏப்ரலில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் 16 லட்சம் டொலர் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டது. அன்றைய பெறுமதியில் நம் காசுக்கு ஏறத்தாழ 17 கோடி ரூபா. நியூயோர்க் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 14 லட்சம் டொலர். கடன் எடுத்த மாணவர்களுக்கே அந்தக் காசு போகவேண்டும் என்பது உடன்பாடு. நல்ல காரியத்துக்குச் செலவழித்தோம் என்ற பதில் அங்கே எடுபடவில்லை. சிட்டி பாங்க் 20 லட்சம் டொலரும், நாட்டின் மிகப் பெரிய மாணவர் கடன் நிறுவனமான சலி மே 20 லட்சம் டொலரும், கடன் எடுப்பது பற்றி மாணவர்களுக்கு விளக்கமளிக்கும் நிதிக்குக் கொடுத்தன. கொலம்பியாவும் டெக்சஸும் தங்கள் அதிகாரிகளை வேலையை விட்டு நிறுத்தின. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் அதிகாரி பதவி விலகினார்.

2008 ஓகஸ்ட் 14இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. கடன் நிறுவனங்களுடன் தொடர்புள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒழுக்கக்கோவை ஒன்றை எழுதி எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். கடன் தொகையில் பங்கு வாங்கக் கூடாது. நிதியுதவி அலுவலகத்து ஊழியர் பரிசு வாங்கக் கூடாது, ஆலோசனைக் கட்டணம் வாங்கக் கூடாது. நிறுவனத்தின் ஆள் பல்கலைக்கழகத்தின் தொலைபேசியில் பேசக் கூடாது. பட்டியல் வைத்தால் ஒரு நிறுவனத்தை மட்டும் போடக் கூடாது, ஏன் போட்டோம் என்ற காரணத்தையும் எழுத வேண்டும். பட்டியலுக்கு வெளியே கடன் எடுக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்றும் சொல்ல வேண்டும். பின்னர் 2010 ஜூலை 1 முதல், அரசு உத்தரவாதத்தில் தனியார் நிறுவனங்கள் புதுக் கடன் கொடுக்கும் முறையே நிறுத்தப்பட்டு, அரசே நேரடியாகக் கொடுக்கத் தொடங்கியது.

இதற்கு இன்றைய பெயர் நலன் முரண்பாடு. பெயர்தான் புதிது, பிரச்சினை பழையது. ஸகாத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்ததும், அவர் தன் தாய் தந்தை வீட்டில் சும்மா இருந்திருந்தால் இந்த அன்பளிப்பு வீடு தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதும் ஹதீஸில் இருக்கிறது. மதம் எதுவானாலும் அந்தக் கேள்வி எல்லோருக்கும் பொருந்தும். நாங்கள் ஆசிரியர்களாக இல்லாமல் இருந்தால் அந்தத் தம்பி எங்களுக்கு டயரி தந்திருப்பாரா?

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

எங்கள் நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி. வறிய பல்கலைக்கழக மாணவருக்கு 1981 முதல் மஹபொல புலமைப்பரிசில். கடன் வாங்கிப் படிப்பது நமக்குப் புதிது. ஆனால் உயர்தரத்தில் தகுதி பெறுகிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. 2017இல் அரசு வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தைத் தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்கலாம், வட்டியை அரசு ஏற்கும். வட்டிதான் இல்லையே தவிர, முதலைக் கட்டவேண்டியது பிள்ளைதான். பாடநெறி உதவாமல் போனாலும் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு என்றால் இடையில் முகவர். அவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் தரகு கொடுக்கும். இந்த எல்லாக் கதவுகளுக்கும் முன்னால், யாரை நம்புவது என்று தெரியாமல் நிற்கிற தாய் தகப்பன் கேட்பது எங்களிடம்தான்.

மயிலிட்டி 1990 ஜூனில் வெறுங்கையோடு எழுந்து போன ஊர். அதே ஆண்டு ஒக்டோபரில் எங்கள் முஸ்லிம் குடும்பங்களும் யாழ்ப்பாணத்தை விட்டு அப்படியே வெளியேற்றப்பட்டன. 2017 ஜூலையில் துறைமுகப் பகுதி விடுபட்டபோது 27 ஆண்டுகள் போயிருந்தன. வந்தவர்கள் வீட்டுக்குக் கடன், வலைக்குக் கடன், எஞ்சினுக்குக் கடன் என்று தொடங்கினார்கள். நுண்கடன் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று வடக்கில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அந்தக் கடன்களும் பல இடங்களில் பழகிய முகம் ஒன்றின் சொல்லை நம்பித்தான் வீட்டுக்குள் வந்தன. அடுத்த முகம் எங்களுடையதாக இருக்கக் கூடாது.

அதனால் எங்களுக்குள் கூடிப் பேசிச் சிலவற்றை முடிவெடுத்தோம். நீங்கள் எங்களைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகவே பகிரங்கமாக எழுதுகிறோம். படிப்பு நிறுவனம், முகவர், கடன் கொடுப்பவர் யாரிடமும் காசோ பரிசோ சாப்பாடோ வாங்க மாட்டோம். பள்ளிக்கூடத்துக்கு என்றும் வாங்க மாட்டோம். பிள்ளைகளின் இலக்கங்களைக் கொடுக்க மாட்டோம். யாராவது பேச வந்தால் ஒருவரை மட்டும் கூப்பிட மாட்டோம், பெற்றோர் முன்னிலையில்தான் பேச வேண்டும். எங்களில் ஒருவருடைய உறவினர் அப்படியான இடத்தில் வேலை செய்தால், அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அவர் ஆலோசனை சொல்ல வேண்டும். உறவு இருப்பது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் பிழை. டயரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

பெற்றோரே, யார் வந்து எந்தப் படிப்பைச் சொன்னாலும், எந்தக் கடனைச் சொன்னாலும், நாங்களே சொன்னாலும், ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில உங்களுக்கு என்ன கிடைக்கும்?" கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பிறகு மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், பிள்ளை நின்றுவிட்டால் என்ன ஆகும், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு இரவு கழித்துக் கையெழுத்து வையுங்கள்.

அந்தத் தாய்க்கு எங்களால் கடனை இல்லாமல் செய்ய முடியவில்லை. பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவரோடு போய் உட்கார்ந்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டக் கேட்டோம். ஒத்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது அவர் எங்களுக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளையின் தகப்பன் இன்னும் கடலுக்குப் போய்க் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆசிரியரின் சொல்லும் ஒரு அமானிதம்தான். ஊர் எங்களிடம் தந்து வைத்தது. அதை விற்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

உங்கள் பிள்ளைக்கு இப்படி ஏதும் நடந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கு வந்து நேரில் சொல்லுங்கள். பத்திரத்தையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.