கரும்புத் தோட்டத்திலிருந்து கப்பல் தளத்துக்கு: ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்த வழி

தருமபுரிக்குத் தெற்கே, சேலம் சாலையில் இருக்கும் அதியமான்கோட்டைக்குக் கடல் எந்தத் திசையிலும் அருகில் இல்லை. ஆனால் கரும்பு இவ்வூரின் பெயரோடு ஒட்டியது. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் புறநானூற்று 99ஆம் பாட்டில் போற்றுகிறார். அரசர் கொண்டுவந்த பெருமைக்குரிய அந்தப் பயிர்தான் பல நூற்றாண்டுகள் கழித்து மேற்கிந்தியத் தீவுகளில் மனிதரை விலைக்கு வாங்கவைத்தது. தமிழ்த் திரையின் புகழ்பெற்ற கடற்சாகசக் கதை அங்கிருந்துதான் புறப்பட்டது.

1685இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்கு எதிராக மன்மத் கோமகன் கலகம் செய்து தோற்றார். காயம்பட்ட கலகக்காரருக்கு மருந்திட்ட குற்றத்துக்காக ஹென்றி பிட்மன் என்ற அறுவை மருத்துவர் பார்படோஸ் தீவில் விற்கப்பட்டார். அங்கிருந்து தப்பி, 1689இல் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். ரஃபேல் சபட்டினி 1922இல் எழுதிய ‘கேப்டன் பிளட்’ நாவலுக்கு இவர் வாழ்க்கை ஆதாரமாயிற்று. 1924இல் மௌனப் படமாகவும், 1935இல் மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கத்தில் பேசும் படமாகவும் அது வந்தது. எரால் ஃபிளினும் ஒலிவியா டி ஹாவிலண்டும் முதன்முதலாக இணைந்தது அப்படத்தில்தான்.

பி. ஆர். பந்துலுவின் பத்மினி பிக்சர்ஸ் தயாரித்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965 ஜூலை 9 அன்று வெளியானது. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் இணைந்த முதல் படம் இது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரும் பிரிவதற்கு முன் சேர்ந்து இசையமைத்த கடைசிப் படமும் இதுவே.

மூலக் கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. மருத்துவன் மணிமாறன் கலகக்காரருக்கு உதவுகிறான், அடிமையாக விற்கப்படுகிறான், பிறகு கடற்கொள்ளையரோடு சேர நேர்கிறது. ஆயினும் இதை வெறும் தழுவல் என்று ஒதுக்குவது பிழை என்பேன். ஆங்கிலப் படத்தில் ஜேம்ஸ் முடியிழந்து வில்லியம் அரசரானதும், பீட்டர் பிளட் ஜமைக்காவின் ஆளுநராகிறான். நல்ல அரசன் வந்துவிட்டால் கலகக்காரன் ஆளுநராகலாம் என்பது அங்கே தீர்வு. தமிழில் இங்கிலாந்தும் இல்லை, ஜமைக்காவும் இல்லை. ‘நெய்தல் நாடு’, ‘கன்னித் தீவு’ என்று காலம் குறிக்காத நிலங்கள் வருகின்றன. முன்னது சங்கத் திணையின் பெயர். பின்னது 1960 முதல் தினத்தந்தியில் நாள்தோறும் வந்துகொண்டிருந்த படக்கதையால் ஊரறிந்த பெயர். இந்த நிலமாற்றத்தால் கதையின் எடை அரச பதவியிலிருந்து அடிமைகளின் கூட்டு விடுதலைக்கு நகர்ந்தது. கப்பல் தளத்தில் தலைவனோடு எல்லோரும் சேர்ந்து பாடும் விடுதலைப் பாடல் படத்தின் உச்சமாக நிலைத்ததற்குக் காரணமும் அதுதான்.

பந்துலுவுக்கு இது முதல் கடற்படம் அன்று. ம.பொ.சி.யின் நூலைத் தழுவி 1961இல் அவர் எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ தேசிய விருது பெற்றும் வசூலில் தோற்றது. அதன் நாயகர் வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கி, 1908இல் சிறைப்பட்டு, கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். கப்பலும் பறிபோய், உடலுழைப்பும் பிடுங்கப்பட்ட அந்த மனிதரைச் சிவாஜி கணேசன் வாழ்ந்து காட்டினார். நான்கே ஆண்டுகளில் அதே இயக்குநர் நாயகரை மாற்றி, வரலாற்றை விட்டுக் கற்பனைக்குப் போனார். விலங்கிட்ட உழைப்பு, பறிக்கப்பட்ட நாடு, மீட்கப்படவேண்டிய கப்பல் ஆகிய மூன்றும் கூடவே வந்தன. வரலாற்றில் தோற்ற கப்பல் கற்பனையில் வென்றது.

1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து நூற்றுக்கணக்கானோரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசேர்த்தது. கடல் கடந்து விலைபோன உழைப்பு தமிழருக்கு அயல்நாட்டுக் கதையாக இருந்ததில்லை. திரையில் அடிமைகள் கொதித்தெழுந்தபோது கொட்டகை ஆர்ப்பரித்ததை, எம்.ஜி.ஆர். மீதான மோகம் என்று மட்டும் விளக்கிவிட முடியாது.

2014 மார்ச்சில் எண்ம முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளியான இப்படம், சென்னையில் வெள்ளிவிழா கண்டது. ‘கப்பலோட்டிய தமிழ’னை வரலாற்றுப் படமென்றும் ‘ஆயிரத்தில் ஒருவ’னைப் பொழுதுபோக்கென்றும் பிரித்து எழுதும் வழக்கத்தை நம் திரை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும். இரண்டும் ஒரே மனிதர் எடுத்த ஒரே கதையின் இரு பாகங்கள்.