பனியன் ஊரில் பகுத்தறிவு மேடை

தமிழகத்தில் அறிவியலும் தத்துவமும் பொதுமக்கள் முன் பேசப்பட்ட வரலாற்றைக் கல்லூரி அரங்குகளிலும் அறிஞர் கழகங்களிலும் மட்டும் தேடுவோருக்கு அதன் பெரும்பகுதி கண்ணில் படாமலே போய்விடும். டார்வினின் கொள்கையும் அம்மைத் தடுப்பூசியும் கர்ப்பத்தடையும் உழைக்கும் மக்களில் பலரின் செவிக்கு எட்டியது, சாதி ஒழிப்பையும் பெண் விடுதலையையும் பேசிய அதே மேடைகளிலிருந்துதான். ஈரோடு, திருப்பூர், கோவை என்று இருப்புப்பாதையோரமாக நீளும் பஞ்சு, நூல், நெசவு வட்டாரம் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. இங்கு அத்தகைய உரைகளைக் கேட்டவர்களில் பலர் பஞ்சாலையிலும் தறியிலும் பின்னாளில் பனியன் கம்பெனியிலும் உழைத்தவர்கள் என்பதால், பேச்சின் போக்கையும் அதில் விடுபட்டவற்றையும் அந்தத் தொழிலோடு சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

இம்மரபின் அச்சுச் சான்றுகள் சென்னையில் தொடங்குகின்றன. 1880களில் இந்து சுயாக்கியானிகள் சங்கம் என்றும் பின்னர் சென்னை இலௌகிக சங்கம் என்றும் பெயர் கொண்ட அமைப்பினர், அதாவது வேத சாத்திரங்களின் சான்றை ஏற்காமல் சொந்த அறிவைக் கொண்டே உண்மையைத் தேட வேண்டும் என்ற கொள்கையினர், 1882 முதல் 1888 வரை ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்தினர். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா 1866இல் நிறுவிய தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தின் கருத்துகள் இவ்வழியே தமிழுக்கு வந்தன. ஆயினும் அந்த முயற்சி பெருமளவு நகரத்துப் படித்தவர்களின் வட்டத்துக்குள்ளேயே நின்றது.

திருப்பூர் அக்காலத்தில் பருத்தி விளையும் கரிசல் காடுகளுக்கு நடுவே அமைந்த சந்தை ஊராக இருந்தது. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் சென்ற இருப்புப்பாதை இவ்வூரைத் தொட்டதும் பஞ்சு அரவை ஆலைகள் வளர்ந்தன. 1920களில் கதர் இயக்கத்தின் தமிழ்நாட்டு மையமாகவும் ஊர் விளங்கியது. அரசியல் மாநாடுகள் இங்கே கூடியதற்கு இவையெல்லாம் காரணங்கள். 1922இல் திருப்பூரில் நடந்த தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டில், எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் செல்ல உரிமை வேண்டும் என்ற தீர்மானத்துக்கு எதிர்ப்பு எழுந்தபோது, அன்று காங்கிரஸ் தலைவர்களில் ஒருவராக இருந்த, பின்னாளில் பெரியார் என்று அழைக்கப்பட்ட ஈ.வெ.ராமசாமி, மனுதர்மத்தையும் இராமாயணத்தையும் கொளுத்த வேண்டும் என்று பேசினார். சுயமரியாதை இயக்கம் என்ற பெயரே பிறக்காத காலத்தில், பழைய நூல்களுக்குத் தாமாக எந்த அதிகாரமும் இல்லை என்ற வாதம் இவ்வூர் மேடையில் வெளிப்படையாக வைக்கப்பட்டுவிட்டது. பின்வந்த அறிவியல் உரைகளுக்கெல்லாம் அடித்தளமாக அமைந்தது இந்த வாதமே என்று கொள்ளலாம்; சாத்திரம் சொன்னதைச் சோதித்துப் பார்க்க உரிமை உண்டு என்று ஏற்றுக்கொள்ளாதவரிடம் பூமியின் வயதைப் பற்றியோ உயிர்களின் தோற்றத்தைப் பற்றியோ பேசிப் பயனில்லை.

1925 மே 2 அன்று ஈரோட்டில் தொடங்கப்பட்ட ‘குடி அரசு’ வார இதழும் அதைச் சுற்றி எழுந்த சுயமரியாதை இயக்கமும் இரயிலில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பூரைத் தம் அன்றாட எல்லைக்குள் கொண்டுவந்தன. திருப்பூரில் பனியன் பின்னும் தொழில் தலையெடுத்ததும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். இதழ் வாங்க வசதியில்லாதோரும் எழுத்தறியாதோரும் கேட்கும்படி ஒருவர் உரக்கப் படிப்பது அக்காலத் தமிழகத்து வாசகசாலைகளிலும் தேநீர்க் கடைகளிலும் வழக்கமாக இருந்தது. அவ்வாறு படிக்கப்பட்டவற்றில் ம.சிங்காரவேலரின் அறிவியல் கட்டுரைகள் தனியே குறிப்பிடத் தக்கவை. 1860இல் பிறந்து, 1899இல் சென்னையில் மகாபோதி சங்கத்தை அமைத்து, பௌத்தம் வழியாகப் பொதுவுடைமைக்கு வந்த அவர், 1930களின் தொடக்கத்தில், தம் எழுபது வயதுக்கு மேல், பேரண்டத்தின் தோற்றம், உயிர்களின் பரிணாமம், மனத்தின் இயல்பு, பேய் பிசாசு நம்பிக்கைகள் ஆகியவற்றைப் பற்றிக் ‘குடி அரசு’ வாசகர்களுக்கு எழுதினார். அறிவியலின் முடிவுகளை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, ஒரு முடிவு எவ்வாறு எட்டப்படுகிறது என்னும் முறையைக் கற்பிப்பதில் அவர் காட்டிய பொறுமை இன்றைய அறிவியல் எழுத்தாளர் பலரிடமும் காணக் கிடைக்காதது.

1934இல் திருப்பூரில் நடந்த செங்குந்தர் இளைஞர் மாநாடு, பெரியாரும் சி.என்.அண்ணாதுரையும் முதன்முதலாகச் சந்தித்த இடம் என்ற அளவில் அரசியல் வரலாற்றில் நினைக்கப்படுகிறது. அறிவுப் பரப்புரையின் வரலாற்றிலும் அதற்குப் பொருள் உண்டு. செங்குந்தர் நெசவைத் தொழிலாகக் கொண்ட சமூகத்தார். சாதியின் பெயரால் கூடிய இளைஞர் மாநாட்டு மேடையிலேயே சாதியை மறுக்கும் பேச்சும் ஒலித்தது. உரையை ஒரு கலையாக வளர்த்த அண்ணாதுரை, 1943இல் கம்பராமாயணம், பெரியபுராணம் ஆகியவற்றைப் பற்றிச் சென்னையில் ரா.பி.சேதுப்பிள்ளையுடனும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாருடனும் சொற்போர் நிகழ்த்தினார். எதிர்க்கருத்தினரை மேடைக்கு அழைத்து, இரு தரப்பையும் மக்கள் கேட்டு முடிவு செய்ய விடும் இம்முறை தத்துவ விவாதத்துக்கு ஒரு பொது வடிவத்தைத் தந்தது. பெரியாரின் உரைகளும் இம்முறைக்கு அயலானவை அல்ல. தாம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சொந்த அறிவைக் கொண்டு ஆராய்ந்து சரியென்று பட்டதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூட்டத்தினரிடம் சொல்வது அவர் வழக்கம். சேலம் கல்லூரியில் அவர் ஆற்றிய உரை ‘தத்துவ விளக்கம்’ என்ற நூலாக வந்தது. கல்லூரிக்குள் சென்றபோதும் அவர் தெருவில் பேசிய அதே எளிய நடையையே கைக்கொண்டார்.

உடல்நலம் பற்றிய பேச்சுகளே இம்மேடைகளில் மிகக் கூர்மையாக விழுந்தவை எனலாம். கொங்கு நாட்டில் பெரியம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, மருந்து கொடுக்காமல், அயலாரை வீட்டுக்குள் விடாமல், இறங்கியபின் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். நோயாளியைத் தனிமைப்படுத்திய அளவில் இவ்வழக்கத்தில் பயன் இருந்தது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அம்மை குத்துவோர் வந்தால் குழந்தைகளை ஒளித்துவைக்கும் அளவுக்குத் தெய்வ அச்சம் வேரூன்றியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோவையைக் கொள்ளைநோய் தாக்கியபோது பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் எழுந்தன, அவை இன்றும் உள்ளன. 1796இல் எட்வர்டு ஜென்னர் மாட்டம்மையிலிருந்து எடுத்த நீரைச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்திச் சோதித்ததை விளக்கி, நோய் தெய்வத்தின் சினத்தால் வருவதாயின் ஊசிக்கு ஏன் அடங்குகிறது என்று கேட்ட பேச்சாளர்களின் கேள்விக்கு உலகமே விடை தந்தது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975இல் கண்டறியப்பட்டார். 1980இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கர்ப்பத்தடை பற்றிய பிரசாரமும் இவ்வகையில் காலத்தை முந்தியதே. குடும்பக் கட்டுப்பாட்டை இந்திய அரசு தேசியத் திட்டமாக மேற்கொண்ட 1952க்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே சுயமரியாதை இயக்கத்தார் அதைப் பேசினர். மக்கள்தொகையைக் குறைப்பதைவிடப் பெண் தன் உடல்மீது கொள்ளும் உரிமையே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று பெரியார் வாதிட்டது இன்று படிக்கும்போதும் வியப்பளிக்கிறது.

1970இல் பகுத்தறிவாளர் கழகம் தொடங்கப்பட்டபின் உரைகளுடன் செய்முறை விளக்கங்களும் பெருகின. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவரும் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவருமான ஆபிரகாம் கோவூர், அற்புதம் செய்து காட்டுவோருக்கு 1 லட்சம் ரூபாய் தருவதாக அறைகூவல் விடுத்து, இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்து உரையாற்றினார்; அவர் ஆராய்ந்த மனநோய் நிகழ்வு ஒன்று 1973இல் ‘மறுபிறவி’ என்ற தமிழ்த் திரைப்படமாகவும் வந்தது. இங்குள்ள இயக்கத்தினர் தீமிதித்தும் முதுகில் கொக்கி மாட்டிக் கார் இழுத்தும், இவற்றுக்குத் தெய்வ அருள் தேவையில்லை என்று வீதியிலேயே காட்டினர். மேடைகளில் செய்து காட்டப்படும் வேதியியல் தந்திரங்களில் இரண்டு திருப்பூருக்கு மிகவும் பொருந்துபவை. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் அது ஆரத்தி நீர்போல் செக்கச் சிவக்கிறது. செம்பருத்திப் பூவின் சாறு தடவிக் காயவைத்த கத்தியால் எலுமிச்சம்பழத்தை அறுக்க, இரத்தம் கசிவது போன்ற நிறம் வருகிறது. முன்னதில் சுண்ணாம்பின் காரமும் பின்னதில் எலுமிச்சையின் அமிலமும் நிறமியை மாற்றுகின்றன. சாயப்பட்டறையில் சோடா உப்பின் அளவு சற்றுப் பிசகினாலும் துணியில் நிறம் பிடிக்காமல் போவதை நாள்தோறும் பார்க்கும் தொழிலாளிக்கு இந்த விளக்கத்தில் புதுமை ஏதுமில்லை. சாமியாரின் எலுமிச்சையும் தன் பட்டறைத் தொட்டியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்ற தெளிவு மட்டுமே அவருக்குப் புதிது.

இம்மேடையின் குறையையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். அச்சில் கிடைக்கும் பகுத்தறிவு உரைகளில் அம்மையும் காலராவும் பேயோட்டுதலும் பெற்ற இடத்தைத் தொழிலால் வரும் நோய்கள் பெறவில்லை என்றே தோன்றுகிறது. பஞ்சுத்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்கு மூச்சுக்குழல் இறுகும் நோய், விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை அதிகம் அடைப்பதால் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று உலகெங்கும் ஆலைத் தொழிலாளரிடையே அறியப்பட்டது. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்து மீண்டும் இயந்திரத்துக்குத் திரும்பும் ஊரில் அதைவிட நெருக்கமான மருத்துவப் பொருள் வேறெதுவும் இருந்திருக்க முடியாது. அதைப் பேசும் பொறுப்பு பெரிதும் தொழிற்சங்கங்களுக்கு விடப்பட்டது. அவையோ, 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த பொது வேலைநிறுத்தம் காட்டுவதுபோல், கூலியை முன்னிறுத்தியே போராட வேண்டியிருந்தது.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் நிலை இவ்விடைவெளியைத் தவிர்க்க முடியாததாக்கியது. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கிப் பெருகியபோது சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தி இழையும் சாயமும் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று தள்ளும். அத்தள்ளுதலைத் தணித்துச் சாயத்தை இழையோடு சேர்க்க ஏராளமாக உப்பு இட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறும். நிறத்தை நீக்கிவிட்டாலும் உப்பு நீங்காது என்ற இந்த எளிய வேதியியலை அறியாமல், குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நலம், வேறு நீர் கிடைக்காத நிலையிலும் 2,000ஐத் தாண்டலாகாது என்ற தர எல்லைகளின் பொருள் விளங்காது. 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் சாயக்கழிவின் தேக்கமானதும், விவசாயிகள் தொடுத்த வழக்குகளின் தொடர்ச்சியாக 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் நடந்தபோது, சவ்வூடு பரவலும் கழிவுநீரை வெளியேற்றாத சுத்திகரிப்பும் தேநீர்க் கடைப் பேச்சுக்கே வந்து சேர்ந்தன. ஆற்றையும் கூலியையும் ஒருசேரக் கருதிப் பேசும் அறிவியலாளரின் தேவையை ஊர் அன்றுபோல் என்றும் உணர்ந்ததில்லை.

1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம், கடவுள் மறுப்பை முன்வைக்காமல் பள்ளி ஆசிரியர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் வழியாக அறிவியலை மக்களிடம் கொண்டுசென்ற மற்றொரு மரபைத் தொடங்கியது. 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணத்தின் பாதை கோவை, திருப்பூர் வழியாகச் சென்றபோது இரு மரபுகளும் ஒரே இடத்தில் சந்தித்தன எனலாம். காலை ஒன்பதரை மணியளவில் நிலா சூரியனின் நடுவை மறைத்துச் சுற்றிலும் ஒளிவளையம் மட்டும் எஞ்சியிருக்க, கோயில் நடைகள் சாத்தப்பட்டிருந்த அதே வேளையில், பாதுகாப்புக் கண்ணாடி வழியாக அதைப் பார்க்கக் கற்பிப்பதை ஒரு மரபு பணியாகக் கொண்டது. கிரகணத்தின்போது உண்ணலாகாது என்ற நம்பிக்கையை எல்லோர் முன்னிலையிலும் உண்டு காட்டி மறுப்பது மற்றதன் நெடுநாள் வழக்கம்.

ஆனால் வட்டாரம் முழுவதும் மாறிவிட்டதாகக் கொள்ள இடமில்லை. 2017 மார்ச்சில் இறைமறுப்புக் கருத்துகளைப் பரப்பிய இளைஞர் ஒருவர் கோவையில் கொல்லப்பட்டார். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், கோவையை அடுத்த இருகூரில் கொரோனா தேவிக்குச் சிலை நிறுவி வழிபாடு நடந்தது. பிளேக் மாரியம்மனுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் தங்கை பிறந்துவிட்டாள். கேட்போரும் மாறிவிட்டனர். பனியன் கம்பெனிகளில் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருந்தொகையினராக உள்ளனர். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பலர் ஊர் திரும்பப் புறப்பட்டபோது, உண்மையை விளக்க மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் இந்தியில் பேச வேண்டியிருந்தது. கேட்டதை நம்புமுன் சோதித்துப் பார் என்று நூறாண்டாகச் சொல்லிவந்த மேடை, கட்டிங் மேசையிலும் பவர் டேபிள் எனும் தையல் பிரிவிலும் உழைக்கும் இப்புதிய தொழிலாளரிடம் அதை ஒடியாவிலும் போஜ்புரியிலும் வங்காளத்திலும் சொல்லக்கூடிய பேச்சாளர்களை இன்னும் உருவாக்க வேண்டியுள்ளது.