அப்பாவின் கணியம்

கடியப்பட்டணம் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பாவுக்கு ஒரு வரி இருக்கிறது. திருமணப் பதிவேட்டில் இன்னொன்று. 2019-இல் அடக்கப் பதிவேட்டில் மூன்றாவதும் விழுந்தது. ஐம்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷனுக்கு மூன்று வரி.

எங்கள் கரையைப் பற்றிய எழுத்து பழசுதான். 1544-இல் சவேரியார் இந்தத் திருவிதாங்கூர்க் கடற்கரையில் முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று ஐரோப்பாவுக்குக் கடிதம் போட்டார். தலைகளை எண்ணியாயிற்று. தலைக்குள் என்ன இருந்தது என்பது அந்தக் கணக்கில் வராது.

அப்பாவின் தலைக்குள் இருந்தது கணியம். கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டைப் 'பார்' என்போம். மீன் அங்கேதான் அடையும். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணி. அதனால் கரையைப் பார்க்க வேண்டும். லைட் ஹவுசுக்கு நேர் பின்னால் வேளிமலையின் ஒரு முகடு வந்து நிற்க வேண்டும், அது ஒரு கோடு. வேறு பக்கத்தில் ஒரு கோயில் கோபுரமும் அதன் பின்னால் ஒரு பனையும் ஒன்றாகச் சேர வேண்டும், அது இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் கல்லை இறக்கினால் கீழே பார். (முட்டம் லைட் ஹவுஸ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது நிற்பது எங்கள் ஊர் மண்ணில். பெயர்தான் பக்கத்து ஊருக்கு.)

திருவிதாங்கூரில் பிறந்து 1956-இல் தமிழ்நாட்டுக்காரர் ஆனவர் அப்பா. அப்போது பதினொரு வயது. அதற்குள் மரத்தில் போகத் தொடங்கியிருந்தார். கட்டுமரத்தை நாங்கள் மரம் என்றுதான் சொல்வோம். விடியுமுன் தடிகளைச் சேர்த்துக் கட்டுவது, திரும்பியதும் அவிழ்த்து மணலில் காயப்போடுவது. காயாவிட்டால் தண்ணி குடித்துக் கனத்துவிடும். தடி சுமந்து அப்பாவின் தோளில் காய்ப்பு ஏறியிருந்தது. சின்ன வயதில் அதைத் தொட்டுக்கொண்டே தூங்குவேன். அம்மா கடவத்தில் மீன் சுமந்து திங்கள்சந்தைக்கு நடப்பாள்.

1980-களில் முட்டத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லேயின் முயற்சியில் ப்ளைவுட் வள்ளங்கள் கட்டினார்கள். எஞ்சினும் வந்தது, கூடவே கடனும். அப்பா நாலுபேரோடு பங்கு சேர்ந்தார். எஞ்சின் தூரமாகக் கொண்டுபோனது. தூரம் போகப்போக லைட் ஹவுஸ் அமுங்கும், பிறகு மலையும் அமுங்கும். அங்கே கணியம் செல்லாது. பிறகு ஜிபிஎஸ் வந்தது.

பன்னிரண்டு வயதில் பள்ளி லீவில் ஒருநாள் என்னைக் கூட்டிப்போனார். போகும்போதும் வரும்போதும் வாந்தி. "நீ இதுக்குப் பொறந்தவன் இல்ல மக்களே" என்றார். அதில் வருத்தம் இருந்ததாக ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2017-இல் ஒக்கி அடித்த ராத்திரி அவர் கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடியும்வரை விடவில்லை. அப்போதுதான் புரிந்தது, அன்றைக்கு அவர் நிம்மதியாகச் சொல்லியிருக்கிறார்.

கணியம் வீட்டுச் சொத்து, மகனுக்குத்தான் சொல்வார்கள். எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசி மாதத்தில் ஒருநாள் அவராகவே ஆரம்பித்தார். போனில் குறித்துக்கொண்டேன். மூன்றாவது பாருக்கு வந்தபோது ஒரு பனையைச் சொன்னார்.

"அத வெட்டி வீடு கட்டி ரொம்ப வருஷமாச்சேப்பா."

"வெட்டட்டும். நீ எழுதுலே" என்றார்.