உப்புக்கண்டம் முதல் உறைபெட்டி வரை

இந்தப் பொன்விழா மலரின் மற்றப் பக்கங்களில் தலைவர்களின் பெயர்களும் கட்டட நிதியின் கணக்கும் இருக்கின்றன. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது சமையலறை சம்பந்தமானது. பச்சை இறைச்சியைக் கெடாமல் வைத்திருக்க நம் குடும்பங்கள் என்னென்ன செய்தன என்பதே அது. அற்ப விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளில் நம் சங்கம் தலைகுனிந்து நின்றது இந்த விஷயத்தில்தான்.

துல்ஹஜ் 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களுக்கும் அய்யாமுத் தஷ்ரீக் என்று பெயர். குர்பானி இறைச்சியைக் கீற்றுகளாக அரிந்து வெயிலில் காயப்போட்டதால் அந்தப் பெயர் வந்தது என்று அறிஞர்கள் விளக்கம் சொல்வார்கள். மதீனாவுக்கு ஏழைகள் திரளாக வந்து சேர்ந்த ஓர் ஆண்டில், மூன்று நாட்களுக்கு மேல் குர்பானி இறைச்சியைச் சேமித்து வைக்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நெருக்கடி நீங்கிய பிறகு உண்ணவும் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். ஆக, இறைச்சியை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. அடுத்த வீட்டுக்காரனின் பசியோடு சேர்த்தே அது கேட்கப்பட்டது.

ராமநாதபுரம், தஞ்சாவூர் கரையோர ஊர்களிலிருந்து வந்த நம் முன்னோருக்கு உப்புக்கண்டம் கைவந்த கலை. கறியை விரல் கனத்துக்கு நீளமாக அரிந்து, கல்லுப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, சணல் கயிற்றில் கோத்து, நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடுவார்கள். இரவில் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும், பனி படக்கூடாது. கல்போல் காய்ந்ததை மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். உப்பு இறைச்சியின் ஈரத்தை இழுத்துவிடுகிறது. ஈரம் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. அந்தக் காரணம் அவர்களுக்குத் தெரியாது, பக்குவம் தெரியும். நாகப்பட்டினத்தில் எஸ்.எஸ். ராஜுலா கப்பல் ஏறி போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்களின் தகரப் பெட்டிகளில் கைலிக்கும் குர்ஆனுக்கும் பக்கத்தில் உப்புக்கண்டப் பொட்டலமும் இருந்தது என்று நம் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் ஊர் வெயில் வேறு, கிள்ளான் வெயில் வேறு. இங்கே காலையில் காய்ந்தது பிற்பகல் மழையில் நனைந்துவிடும். காற்றில் எந்நேரமும் ஈரம். உப்புக்கண்டம் பூசணம் பிடித்தது. அதனால் நம் பாட்டிமார் வேறு வழி கண்டார்கள். பெருநாள் கறியைக் கொழுப்போடு உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, தண்ணீர் சுண்டி நெய் மேலே மிதக்கும்வரை வைப்பார்கள். பிறகு காலையும் மாலையும் தவறாமல் அடுப்பேற்றிக் கொதிக்கவிடுவார்கள். ஒரு வேளை மறந்தால் சட்டியோடு போயிற்று. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் கம்பிவலை அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி வைத்திருப்பார்கள். அது ஈயையும் எறும்பையும் தடுத்தது, சூட்டைத் தடுக்கவில்லை. எனவே சாதாரண நாட்களில் காலையில் பசாருக்குப் போய் அன்றைய கறியை அன்றே வாங்கி, லுஹருக்கு முன் ஆணம் ஆக்கிவிடுவதுதான் வழக்கம். மறுநாளைக்கு என்று யாரும் பச்சைக் கறி வைத்ததில்லை.

உறைந்த இறைச்சி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. சிங்கப்பூர் கோல்ட் ஸ்டோரேஜ் கம்பெனி 1903இலேயே தொடங்கப்பட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சியை இறக்கியது. அது துரைமாரின் மேசைக்குப் போனது. யார் அறுத்தது என்று தெரியாத இறைச்சியை நம் வீட்டார் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஐஸ் கட்டிதான் நமக்குத் தெரிந்த குளிர்ச்சி. அதுவும் கல்யாண வீட்டுச் சர்பத்துக்கு.

1953இல் கிள்ளானில் கானாட் பிரிட்ஜ் மின்நிலையம் திறக்கப்பட்டது. மின்சாரம் மெல்ல மெல்லச் சாதாரண வீடுகளுக்கும் வந்தது. 1967இல் தவணைக் கொள்முதல் சட்டம் வந்த பிறகு, மாதம் இவ்வளவு வெள்ளி என்று கட்டிக் குளிர்ப்பெட்டி வாங்குவது நம்மவர்களுக்கும் கைகூடியது. பல வீடுகளில் அது முதலில் நின்றது கூடத்தில், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. நாம் சொல்லாமல் விடக்கூடாத ஒன்றும் உண்டு. குளிர்ப்பெட்டி வந்த பிறகு நம் வீடுகளில் குர்பானியின் மூன்றில் ஒரு பங்கு கொஞ்சம் கொழுத்தது. வைக்க இடம் இருந்தால் கை தயங்கத்தான் செய்கிறது.

இனி அந்தப் பெருநாள் கதை. 1980களில் ஓர் ஆண்டு. மாடுகளை அறுத்து முடிக்க அஸருக்கு மேல் ஆகிவிட்டது. தோட்டப்புறத்து ஏழை வீடுகளுக்கு மறுநாள் லோரியில் கொண்டுபோகலாம் என்று, சூடு ஆறாத இறைச்சியைப் பெரிய பெரிய பிளாஸ்டிக் பைகளில் திணித்து, நம் உறுப்பினர் ஒருவரின் கடை உறைபெட்டியில் மூடி வரைக்கும் அடுக்கினோம். மறுநாள் திறந்தபோது மேல்பைகள் ஐஸ் கட்டியாக இருந்தன. நடுப்பைகளைப் பிரித்ததும் புளித்த வாடை. இறைச்சி பச்சை நிறம் காட்டியது. பாதிக்கு மேல் குழி தோண்டிப் புதைத்தோம். அல்லாஹ்வின் பெயரால் அறுத்தது, ஏழையின் பங்கு. அன்று அழுத பெரியவர்களை நாம் மறக்கவில்லை.

நடந்தது எளிய விஷயம். மாட்டின் உடல் சூடு 38 டிகிரிக்கு மேல். குவித்து வைத்தால் நடுவிலுள்ள சூடு வெளியேற வழியில்லை. பிளாஸ்டிக் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைபெட்டி ஏற்கெனவே குளிர்ந்ததைக் காக்கத்தான் செய்யப்பட்டது, ஒரு மாட்டின் சூட்டை இறக்க அல்ல. அடுத்த ஆண்டு முதல் அறுப்பைப் பெருநாள் தொழுகை முடிந்ததும் தொடங்கினோம். இறைச்சியைத் தட்டுகளில் பரப்பி ஆறவிட்டு, ஒரு கிலோ தட்டைப் பொட்டலங்களாகக் கட்டி, அன்றைக்கே வீடு சேர்த்தோம். அறுத்த உடனே உறையவைத்தால் தசை சுருங்கிக் கறி ரப்பராகிவிடும் என்பதும் பிறகு தெரிந்துகொண்டது. சிறிது நேரம் தொங்கவிட வேண்டும் என்று ஊர்க் கசாப்புக்காரர்கள் சொன்னது வீண்பேச்சல்ல.

பச்சைக் கறிக்கு வீட்டுக் குளிர்ப்பெட்டி 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மூடிய பாத்திரத்தில், அடித்தட்டில். மேல்தட்டில் வைத்தால் இரத்தநீர் கீழிருக்கும் சமைத்த சோற்றில் சொட்டும். துண்டுக் கறிக்கு மூன்று முதல் ஐந்து நாள், கொத்துக்கறிக்கு ஒன்றிரண்டு நாள். அதற்குமேல் என்றால் கழித்தல் 18 டிகிரியில் உறையவைப்பதே வழி. இன்று நம் சாப்பாட்டுக் கடைகளில் பெரும்பாலும் சமைப்பது இந்தியாவிலிருந்து பெட்டியில் வரும் உறைந்த எருமை இறைச்சி. கால்நடைத் துறையும் ஜாக்கிமும் ஒப்புதல் தந்த அறுப்புக்கூடங்களிலிருந்து மட்டும்தான் அது வர வேண்டும். அதைக் கழுவுதொட்டியில் போட்டு இளகவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. முதல்நாள் இரவே தட்டில் வைத்து அடித்தட்டுக்கு இறக்கினால் காலையில் அரியும் பதத்துக்கு வந்துவிடும்.

1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி மாலை தீபகற்பம் முழுவதும் மின்சாரம் போனபோது, உறைபெட்டியைத் திறந்து திறந்து பார்த்தவர்களுக்குத்தான் நட்டம். நிறைந்த உறைபெட்டி திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் அந்தக் கணக்கும் உதவவில்லை. வெள்ளநீர் புகுந்த பெட்டியில் இருந்தது எதுவானாலும் எறியத்தான் வேண்டும்.

போன பெருநாளில் பொட்டலங்கள் லுஹருக்கு முன்பே தீர்ந்துவிட்டன. கிள்ளானில் நம் மூத்த உறுப்பினர் வீட்டு லாத்தா மட்டும் தம் பங்கைப் பெட்டியில் வைக்க விடவில்லை. மாடியில் கொடி கட்டி, மழை வருகிறதா என்று பார்க்கப் பேரனை உட்கார வைத்திருந்தார்.