வீட்டு ஆற்றல் அளவீடு: நம் துறை கடந்து வந்த பாதை

1947-ஆம் ஆண்டு நம் துறைக்கு இரண்டு தாய்வீடுகளைத் தந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் தில்லியில் இந்தியத் தர நிர்ணய நிறுவனம், நாம் இன்றும் வாய் நிறைய ஐ.எஸ்.ஐ. என்று சொல்லும் அமைப்பு, தோன்றியது. அதே ஆண்டில் ரூர்க்கியில் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வேர்விட்டது. முன்னது விதி எழுதும் இடம். பின்னது அந்த விதிக்கு வேண்டிய எண்களை வெயிலில் நின்று தேடிய இடம். ஒரு வீடு எவ்வளவு சூட்டை உள்ளே விடுகிறது, அதைத் தணிக்க எவ்வளவு மின்சாரம் கேட்கிறது என்று இன்று திருச்சியில் ஓர் இளம் பொறியாளர் கணினி முன் அமர்ந்து சொல்கிறார் என்றால், அதற்கு முன் ஏழு தலைமுறை மாணவர்களின் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பை வரிசைப்படுத்திப் பதிவு செய்வதே இக்கட்டுரை.

விதி பிறப்பதற்கு முன்பும் நம் ஊரில் வீடுகள் இருந்தன. ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் பழைய வீடுகளுக்குப் பக்கச் சுவர் பொதுச் சுவர். வெயில் படுவது முகப்பிலும் கொல்லையிலும் கூரையிலும் மட்டுந்தான். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று உள்ளே போகப் போக வெளிச்சமும் சூடும் படிப்படியாகக் குறையும். கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி அடித்து, தட்டோடு பதிப்பார்கள். பகல் முழுதும் வாங்கிய சூடு அந்தக் கனத்தைக் கடந்து கீழே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. கொத்தனாருக்குக் கை அறிந்திருந்தது.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கான்கிரீட் தளம் வந்தது. வேகமாகக் கட்டலாம், கரையான் அரிக்காது, மாடி எழுப்பலாம். குடும்பங்கள் விரும்பி ஏற்றன. ஆனால் நான்கைந்து அங்குல தளம், அக்னி நட்சத்திர நாட்களில் இரவு பத்து மணிக்கும் கையால் தொட முடியாத சூட்டில் இருந்தது. கை அறிந்திருந்ததை எண்ணாக எழுத வேண்டிய கட்டாயம் அப்போதுதான் வந்தது. 1957 ஜூலை 1-இல் மாநில மின்சார வாரியம் அமைந்து, வீட்டுக்கு வீடு மீட்டர் ஏறியது. அந்த மீட்டர் ஒன்றே அன்று வீட்டின் ஆற்றலுக்கு நமக்கிருந்த அளவுகோல்.

அறுபதுகள் திருச்சிக்குப் பொற்காலம். 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் முதல்வர் பேராசிரியர் பி. எஸ். மணிசுந்தரம். பின்னாளில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் அமைந்த அப்பெருந்தகையை இங்கே நன்றியுடன் நினைக்கிறோம். அடுத்த ஆண்டே திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இதை நம் வரலாற்றின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன். கொதிகலன் செய்யும் ஊரில் வெப்பத்தின் கணக்கு அன்றாடப் பேச்சு. எரித்த நிலக்கரியில் எவ்வளவு புகையோடு போயிற்று, எவ்வளவு சுவர் வழியே கசிந்தது என்று இழப்பை இனம் இனமாகப் பிரித்து எழுதிக் காட்டும் பழக்கம் இந்த ஊருக்கு ஆலை தந்த கல்வி. அங்கே சூட்டை உள்ளே பிடித்து வைப்பதற்குக் கணக்கு. வீட்டில் அதை வெளியே நிறுத்துவதற்குக் கணக்கு. சூத்திரம் ஒன்றுதான்.

1970-இல் நாட்டின் முதல் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வெளியாயிற்று. வெளிச்சத்துக்கும் காற்றோட்டத்துக்கும் அதில் தனி இடம் இருந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானதும், உலகெங்கும் கட்டடங்களின் ஆற்றல் செலவைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அமெரிக்கப் பொறியாளர்கள் 1975-இல் தங்கள் முதல் ஆற்றல் தரநூலை வெளியிட்டார்கள். சிங்கப்பூர் 1979-இல் கட்டடத்தின் புறச்சுவர் வழியே வரும் மொத்த வெப்பத்துக்குச் சட்டப்படி வரம்பு கட்டியது. நம் நாட்டில் 1978-இல் ஐ.எஸ். 3792-இன் திருத்திய பதிப்பு வந்தது; தொழிற்சாலை அல்லாத கட்டடங்களுக்கான வெப்பக் காப்பு வழிகாட்டி அது.

அந்தச் சிறு நூலை நம்மில் மூத்தவர்கள் கையில் வைத்துப் பழகியவர்கள். கூரையின் வெப்பக் கடத்தல் அளவு, அதாவது நாம் 'யு வேல்யூ' என்று சொல்வது, சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வேறுபாட்டுக்கு 2.33 வாட்டைத் தாண்டக் கூடாது என்று அது சொன்னது. மேலே எதுவும் போடாத கான்கிரீட் தளத்தின் அளவு 3-க்கு மேல். ஆக, தட்டோடும் சுண்ணாம்பு ஜல்லியும் அலங்காரமல்ல, தேவை என்று கணக்கே சொல்லிவிட்டது. குளிர்சாதனம் இல்லாத வீட்டுக்கு இன்னொரு குறியீடும் அதில் உண்டு. கூரையின் அடிப்பக்கம் உச்சியில் 30 பாகை இருந்தால் சுழியம். 38 பாகை இருந்தால் 100. எண் குறையக் குறைய வீடு நல்ல வீடு. சாதாரணக் குடும்பம் வாழும் வீட்டை அதன் சொந்த நிலையிலேயே எடை போட்ட அளவுகோல் என்பதால் இதன்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

எண்பதுகளின் பெருமை ரூர்க்கியைச் சேரும். மேலைநாட்டு அறைகளில் அந்நாட்டவரை வைத்துக் கண்ட வசதி வரம்புகள் நமக்குப் பொருந்தவில்லை. எம். ஆர். சர்மா, ஷராபத் அலி என்ற இரு அறிவியலாளர்கள் இந்திய இளைஞர்களை இந்தியக் கோடையிலேயே அமர வைத்து, இப்போது எப்படி இருக்கிறது என்று மீண்டும் மீண்டும் கேட்டுப் பதிந்தார்கள். 1986-இல் வெளியான அவர்களது வெப்பமண்டலக் கோடைக் குறியீடு இன்றும் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நிற்கிறது. கணக்கு மிக எளியது. ஈரக்குமிழ் வெப்பநிலையில் மூன்றில் ஒரு பங்கு. கரிய உருண்டைக்குள் வைத்த வெப்பமானி காட்டும் அளவில் நான்கில் மூன்று பங்கு. இரண்டையும் கூட்டி, காற்று வேகத்தின் வர்க்கமூலத்தை இரட்டித்துக் கழிக்க வேண்டும். ஈரக்குமிழ் 27, உருண்டை 36 என்றால் காற்றே இல்லாத அறையில் விடை 36. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மின்விசிறிக் காற்று பட்டால் 34. அதே அறையில் கூரைக்குக் காப்பு செய்து உருண்டையின் அளவை 33-க்கு இறக்கினால் 32-க்கும் கீழே வந்துவிடும். 25 முதல் 30 வரை வசதியான எல்லை, 27.5 மிக இதம். விசிறி எவ்வளவு செய்யும், கூரை எவ்வளவு செய்யும் என்று இப்படிப் பிரித்துக் காட்டிய பிறகு, வீட்டுக்காரரிடம் பேசுவது நமக்கு எளிதாயிற்று.

1987-இல் எஸ்.பி. 41 என்ற கையேடு வந்து, சுவர் வகை, கூரை வகை ஒவ்வொன்றுக்கும் அளவுகளை அட்டவணையாகத் தந்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இருபுறமும் பூச்சு என்றால் 2-க்குச் சற்று மேல் என்பதெல்லாம் அந்த அட்டவணைப் பக்கங்களிலிருந்து நம் மனத்தில் பதிந்தவை. எண்பதுகளில் மண்டலப் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைப் படிப்பும் வேரூன்றியிருந்ததால், இந்த நூல்கள் திருச்சியில் வகுப்பறைக்குள் நுழைந்தன. 1989-இல் மத்திய அரசின் கீழ் எரிசக்தி மேலாண்மை மையம் அமைந்தது.

தொண்ணூறுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிரிட்டன் 1993-இல் வீடுகளுக்கென ஓர் அரசு கணக்கீட்டு முறையை வகுத்தது. அமெரிக்காவில் 1995-இல் வீட்டு ஆற்றல் மதிப்பீட்டாளர்களின் அமைப்பு உருவாயிற்று. வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டில் எங்கெங்கே காற்று கசிகிறது என்று பார்ப்பது குளிர்நாடுகளின் முக்கியச் சோதனை. காற்று உள்ளே வந்தால் போதும் என்று காத்திருக்கும் காவிரிக்கரைக்கு அந்தச் சோதனையை அப்படியே இறக்குமதி செய்யாமல், நம் முன்னோடிகள் பொறுமையாக நமக்கான வழியைத் தேடினார்கள். அது சரியான முடிவு.

2001-இல் நாடாளுமன்றம் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை இயற்றியது. 2002 மார்ச் 1-இல் எரிசக்தித் திறன் பணியகம், நம் பேச்சில் பி.இ.இ., பழைய மேலாண்மை மையத்தின் தோளில் ஏறிப் பிறந்தது. 2004-இல் எரிசக்தித் தணிக்கையாளர்களுக்கான முதல் தேசியத் தேர்வு நடந்தது. 'எனர்ஜி ஆடிட்டர்' என்ற சொல் விசிட்டிங் கார்டில் ஏறியது அதன் பிறகுதான். 2006-இல் அஜய் மாத்தூர் பணியகத்தின் பொறுப்பேற்றார்; அவ்வாண்டு மே மாதம் குளிர்சாதனப் பெட்டிக்கும் டியூப்லைட்டுக்கும் நட்சத்திர முத்திரை வந்தது. 2007 மே மாதம் பெரிய வணிகக் கட்டடங்களுக்கான முதல் எரிசக்தி விதித்தொகுப்பு வெளியானது. வீடுகள் அதில் சேரவில்லை. ஆனால் ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாக நாட்டைப் பிரித்துக் கணக்கிடும் முறை அங்கேதான் உறுதிப்பட்டது; திருச்சி வெப்ப–ஈரப்பத மண்டலத்தில் வைக்கப்பட்டது.

அடுத்து வந்தவை சோதனை ஆண்டுகள். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத நிலையும் இருந்தது. தில்லை நகரிலும் உறையூரிலும் பிள்ளைகள் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படித்தார்கள். வரைபடம் அச்செடுக்க நம் அலுவலகங்கள் கரண்ட் வரும் நேரம் பார்த்து நள்ளிரவு வரை விழித்திருந்தன. விசிறி நின்றுபோன அறைதான் ஒரு வீட்டின் உண்மையான தரத்தைக் காட்டும். குளிர்ச்சி வெள்ளைப்பூச்சையும் மாடியில் வெள்ளை ஓடுகளையும் வீட்டுக்காரர்கள் தாமாகவே கேட்டு வந்தது அக்காலத்தில்தான். அந்தத் துன்பம் நம் துறைக்கு ஊர் மக்களின் செவியைப் பெற்றுத் தந்தது.

இதே பத்தாண்டில் இரண்டு நற்பணிகள் நடந்தன. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தார் ஐந்து தட்பவெப்ப மண்டலங்களில் 16 அலுவலகக் கட்டடங்களில் 6,330 பதில்களைத் திரட்டி, இந்தியர்கள் எந்த வெப்பத்துக்குப் பழகிக்கொள்கிறார்கள் என்று ஒரு மாதிரியை வகுத்தார்கள். சென்னையும் அந்த ஆய்வில் இடம்பெற்றது. 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அதை ஏற்றது. மற்றொன்று, இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டம். அதன் பயனாகத்தான் நாம் நெடுங்காலம் எதிர்பார்த்த நூல் வந்தது.

2018 டிசம்பர் 14, தேசிய எரிசக்திச் சேமிப்பு நாளன்று, இகோ-நிவாஸ் சம்ஹிதாவின் முதல் பாகம் வெளியிடப்பட்டது. இந்தியாவில் வீடுகளுக்கென்றே எழுதப்பட்ட முதல் எரிசக்தி விதித்தொகுப்பு அது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு, நம் கணக்கில் 12 சென்டுக்குச் சற்று மேல், அது எழுதப்பட்டது. கூரையின் வரம்பு 1.2 வாட், 1978-இன் 2.33-லிருந்து ஏறக்குறைய பாதி. சுவர், சன்னல் வழியே உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற உச்ச வரம்பு, இதையே ஆர்.இ.டி.வி. என்கிறோம். அந்தச் சூத்திரத்தில் மூன்று உறுப்புகள்: சுவர் கடத்துவது, சன்னல் கடத்துவது, கண்ணாடி வழியே நேரே விழும் வெயில். நம் மண்டலத்துக்கு இவற்றின் கெழுக்கள் 5.15, 1.31, 65.21. மூன்றாவதன் அளவைப் பார்த்தாலே சன்னலுக்கு மேல் சன்ஷேடு ஏன் வேண்டும் என்பது விளங்கும். திசைக்கும் கெழு உண்டு: நம் அட்சரேகையில் வடக்குக்கு 0.659, மேற்குக்கு 1.156. மேற்கே சன்னல் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னதன் அளவு இது.

காற்றோட்ட விதியும் அதில் உண்டு. நம் மண்டலத்தில் திறக்கக்கூடிய சன்னல், வாசல் பரப்பு, வீட்டுத் தரைப்பரப்பில் 16.66 விழுக்காடு, அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 600 சதுர அடி குடியிருப்புக்கு 100 சதுர அடி. இங்கே பலர் முதலில் தடுமாறினார்கள். நாலுக்கு நாலு இருபலகை ஸ்லைடிங் சன்னல் 16 சதுர அடி என்று எழுதுவார்கள். ஒரு பலகைதான் திறக்கும் என்பதால் கணக்கில் வருவது 8 மட்டுமே. கீல் வைத்த பழைய பாணிச் சன்னலுக்கு 90 விழுக்காடு கிடைக்கும். ஸ்லைடிங் விரும்பி வந்த வீட்டுக்காரரிடம் இந்த ஒரு கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் போதும், கீல் சன்னலுக்குச் சம்மதித்துவிடுகிறார்.

2019 பிப்ரவரியில் வீடுகளுக்கான நட்சத்திர முத்திரை வந்தது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற அளவில் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம். 2021-இல் சம்ஹிதா விரிவடைந்து, விளக்கு, லிஃப்ட், நீரேற்று மோட்டார் எல்லாம் மதிப்பெண் முறைக்குள் வந்தன. 2022-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, குடியிருப்புகளையும் அதன் எல்லைக்குள் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2024-இல் சம்ஹிதாவின் புதிய பதிப்பு வந்து சேர்ந்தது. மண்டலப் பொறியியல் கல்லூரி 2003-இலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகமாகிவிட்டது. ரூர்க்கியின் அட்டவணைகளைப் பாடமாகப் படித்த மூத்தவர்களும் கணினியில் ஆர்.இ.டி.வி. போடும் இளையவர்களும் திருச்சியில் இன்று ஒரே வரைபடத்தின் மேல் குனிந்து வேலை செய்கிறார்கள். பொன்மலையிலும் கே.கே. நகரிலும் எழும் புதிய அடுக்ககங்களின் சன்னல் அட்டவணையில், அகலம், உயரம் என்ற பத்திகளுக்கு அடுத்து, திறக்கும் பரப்பு என்று ஒரு பத்தியும் சேர்க்கும்படி இளைய உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.